வீங்கின முழங்காலை நீவாதீங்க!

போன வருஷம் கோடை லீவு சமயம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கூட்டம் குறைந்து கடைசி ஆளுக்கு சூரணம் மடித்துக் கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பதிமூன்று வயசுப் பெண் பிள்ளை ஒருத்தியை அப்பா தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் அம்மா. அதற்கும் பின்னால், கையில் ஒரு சின்ன பாட்டிலோடு ஆச்சி. பிள்ளை பெஞ்சில் உட்காருவதற்கு முன்பே காய்ச்சின நல்லெண்ணெய் வாசம் அறை முழுக்க வந்துவிட்டது.

"சைக்கிள் பழகுறேன்னு போய் விழுந்துட்டா டாக்டர். முந்தாநாள் விழுந்தது. ரெண்டு நாளா நீவி விட்டுக்கிட்டுதான் இருக்கோம். வீக்கம் வடியவே மாட்டேங்குது" என்றார் அம்மா.

ஆச்சி விடவில்லை. "சும்மா சுளுக்குதான்யா. எத்தனை பிள்ளைகளுக்கு உருவி விட்ட கை இது! இவ தொட்டாலே கத்துதா. அதான் அழுத்தம் பத்தல. நீங்க ஒரு தடவை நல்லா அழுத்தி உருவி விட்டிருங்க. சரியாப் போயிரும்."

காலைப் பார்த்தேன். சாதாரணமாக முழங்கால் சில்லின் இரண்டு பக்கமும் லேசான பள்ளம் தெரியும். இந்தப் பிள்ளைக்கு இரண்டு பள்ளமும் நிரம்பி, முழங்கால் தேங்காய் மாதிரி உருண்டு நின்றது. கால் பாதி மடங்கினபடியே இருக்கிறது. நீட்டச் சொன்னால் கண்ணில் தண்ணீர் வருகிறது.

"விழுந்து எவ்வளவு நேரம் கழிச்சு தாயி வீங்குச்சு?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்துலயே வீங்கிட்டு சார்."

அந்த ஒரு பதில் எனக்குப் போதும். எண்ணெய்ப் பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு, சீட்டை எடுத்து எக்ஸ்ரே எழுதினேன்.

ஆச்சிக்கு முகம் சுண்டிப் போய்விட்டது. "இங்கிலீஷ் ஆஸ்பத்திரிக்குப் போனா படம் எடுக்கச் சொல்லுவாங்கன்னுதானே உங்ககிட்ட கூட்டிக்கிட்டு வந்தோம். நீங்களும் அதையே சொல்லுதீகளே?"

நியாயமான கேள்விதான். இதே கேள்வியை வெவ்வேறு வார்த்தைகளில் வாரத்துக்கு ஒரு தடவையாவது யாராவது என்னிடம் கேட்கிறார்கள். அந்த ஆச்சிக்கு அன்றைக்கு அவசரத்தில் சொல்ல முடியாத பதிலை இங்கே விளக்கமாகச் சொல்கிறேன்.

எக்ஸ்ரேயில் என்ன வந்தது தெரியுமா? கீழ்க்கால் எலும்பின் மேல்தளத்தில், நட்ட நடுவில், ஒரு சின்ன எலும்புத் துண்டு பிய்ந்து மேலே தூக்கிக்கொண்டு நின்றது. எட்டு வயசிலிருந்து பதினாலு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகள் சைக்கிளிலிருந்து விழுந்தால் வரக்கூடிய அடி இது. பெரியவர்களுக்கு இப்படி விழுந்தால் மூட்டுக்குள் இருக்கிற தசைநார் அறும். பிள்ளைகளுக்கு நார் உறுதியாக இருக்கும், எலும்பு இளசாக இருக்கும். அதனால் நார் அறாமல், அது ஒட்டியிருக்கிற எலும்பைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

அந்தக் காலைத்தான் இரண்டு நாளாக, வேளைக்கு ஒரு தடவை, சூடான எண்ணெய் போட்டு நீவியிருக்கிறார்கள். பாசத்தில்தான் செய்தார்கள். ஆனால் பிள்ளை கத்தினது செல்லத்தில் அல்ல.

எங்கள் பேரில் நடக்கிற தப்பு

நான் சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். தினமும் எண்ணெய், பற்று, கஷாயம் என்று புழங்குகிறவன். ஆகவே இதை நான் சொல்வதுதான் பொருத்தம்: அடிபட்டு வீங்கின மூட்டை முதல் மூன்று நாளைக்கு நீவக்கூடாது, உருவக்கூடாது, சூடு வைக்கக்கூடாது. என்ன அடி என்று தெரியாமல் எந்த வைத்தியரும், சித்த வைத்தியராக இருந்தாலும் சரி, அதன் மேல் கை வைக்கக் கூடாது.

சித்த மருத்துவத்தில் அக மருந்து 32, புற மருந்து 32 என்று வகுத்திருக்கிறார்கள். புற மருந்துப் பட்டியல் 'கட்டு' என்றுதான் ஆரம்பிக்கிறது. பற்று, ஒற்றடம், பூச்சு, வேது என்று அது நீளும். தொக்கணம் என்கிற மசாஜ் அந்த 32-ல் ஒன்றே ஒன்று. அட்டை விடுவதும் அறுவையும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் நம் ஜனங்களுக்கு சித்த வைத்தியம் என்றால் எண்ணெய், எண்ணெய் என்றால் நீவல் என்று மனசில் பதிந்து போய்விட்டது. எந்த அடியானாலும் 'ஒரு தடவை உருவி விடுங்க' என்கிறார்கள். கேட்கிறவர் மனசு கோணக்கூடாது என்று எங்களில் சிலரும் உருவி விடுகிறோம். இதில் ஜனங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஏன் நீவக்கூடாது? விஷயம் ரொம்ப எளிது. அடிபட்ட இடத்தில் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் கிழிந்து கசிந்து கொண்டிருக்கும். உடம்பு அதை அடைக்கப் பார்க்கும். நீங்கள் அழுத்தித் தேய்த்தால் அடைந்தது மறுபடி திறக்கும். சூடு வைத்தால் குழாய் விரிந்து கசிவு கூடும். உள்ளே எலும்பு விரிசல் விட்டிருந்தால் விலகிப் போகலாம். பாதி கிழிந்த நார் முழுசாகக் கிழியலாம். தொடைச் சதையில் பலமான அடிபட்டு ரத்தம் கட்டின இடத்தை அழுத்தி நீவினால், அங்கே சுண்ணாம்பு படிந்து எலும்பு மாதிரி இறுகிப் போவதும் உண்டு. எங்கள் பாஷையில் சொன்னால், அந்த நேரத்தில் அழல் ஏறி நிற்கிறது. எரிகிற அடுப்பில் எண்ணெயை ஊற்றலாமா?

என்னிடமே நடந்தது

ஊருக்கு உபதேசம் செய்கிறவன் தன் கதையையும் சொல்லத்தான் வேண்டும்.

படித்து முடித்து, தனியாகப் போர்டு மாட்டி இரண்டாவது வருஷம். காலேஜ் படிக்கிற பையன் ஒருவன் வந்தான். மழையில் சைக்கிள் வழுக்கி, கால் தரையில் ஊன்றி, உடம்பு ஒரு பக்கம் திரும்பி விழுந்திருக்கிறான். "உள்ளே 'டப்'னு ஒரு சத்தம் கேட்டுச்சு சார்" என்றான். ஒரு மணி நேரத்தில் முழங்கால் வீங்கிவிட்டது என்றும் சொன்னான். இன்றைக்கு அந்த இரண்டு வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு உடனே மணி அடிக்கும். அன்றைக்கு அடிக்கவில்லை. பற்றுப் போட்டேன். நாலு நாள் கழித்து தைலம் போட்டு லேசாகத் தொக்கணம் செய்தேன். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்து பையன் நடந்து போனான். அவனுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். அவன் அப்பா நாலு பேரிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்.

ஆறு மாதம் கழித்து நொண்டிக்கொண்டு வந்தான். "மாடிப்படி இறங்கும்போது முட்டு நழுவுது சார். கபடி ஆடும்போது திடீர்னு மடிஞ்சு விழுந்துட்டேன்." முட நீக்கியல் டாக்டரிடம் அனுப்பினேன். முழங்காலுக்குள் இருக்கிற முன்பக்கக் குறுக்கு நார் முன்பே அறுந்திருக்கிறது. அறுந்த நாரோடு ஓடி ஆடினதில், மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பும் இப்போது கிழிந்திருக்கிறது. முதல் தடவையே சரியாகப் பார்த்திருந்தால், குருத்தெலும்பையாவது காப்பாற்றியிருக்கலாம்.

அந்தப் பையன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அன்றைக்குப் படித்த பாடம் இது: வீக்கம் வடிவது வேறு, அடி ஆறுவது வேறு. வீக்கம் எந்த வைத்தியத்திலும் வடியும். ஒன்றுமே செய்யாவிட்டாலும் பெரும்பாலும் வடியும். 'வீக்கம் போயிடுச்சு, வைத்தியர் கெட்டிக்காரர்' என்று நீங்களும் முடிவு கட்டாதீர்கள், நாங்களும் காலரைத் தூக்கிக்கொள்ள வேண்டாம்.

கடிகாரத்தைப் பாருங்கள்

முழங்கால் என்பது தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கிற இடம். முன்னால் மூடி மாதிரி சில்லு. இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் இரண்டு குருத்தெலும்பு மெத்தைகள். மூட்டுக்குள் குறுக்காக இரண்டு நார்கள், பக்கத்துக்கு ஒன்றாக வெளியே இரண்டு நார்கள். இதையெல்லாம் சுற்றி ஒரு பை. நல்ல முழங்காலில் அந்தப் பைக்குள் இருக்கிற வழுவழுப்பான நீர் ஒரு டீஸ்பூன்கூடத் தேறாது. அடிபட்டால் அதே பை ரத்தத்தாலோ நீராலோ நிரம்புகிறது. எது நிரம்பியது என்பதற்கு நல்ல அடையாளம் நேரம்தான்.

விழுந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முழங்கால் முழுக்க உருண்டு வீங்கினால், மூட்டுக்குள் ரத்தம் இறங்கியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். நார் அறுந்திருக்கலாம், எலும்பு உடைந்திருக்கலாம். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ராத்திரி படுத்து, காலையில் எழுந்து பார்க்கும்போது வீங்கியிருந்தால், அது பெரும்பாலும் மூட்டு நீர் கோத்ததாக இருக்கும். சுளுக்காகவோ மெத்தை கிழிசலாகவோ இருக்கலாம். அவசரம் கொஞ்சம் குறைவு. ஆனாலும் மூட்டு பாதியில் 'லாக்' ஆகி நீட்ட முடியாமல் நின்றால் தாமதிக்கக் கூடாது.

மூன்றாவது வகை, சில்லுக்கு முன்னால் மட்டும் தோலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் மாதிரி மெத்தென்று வீங்குவது. முழங்கால் தரையில் நேராகக் குத்தி விழுந்தால் இப்படி வரும். மூட்டுக்கு வெளியே இருக்கிற சின்ன நீர்ப்பை வீங்குவது இது. பெரும்பாலும் ஓய்விலேயே அமுங்கிவிடும்.

அதனால் பிள்ளை விழுந்துவிட்டு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை மணிக்கு விழுந்தான், எத்தனை மணிக்கு வீங்கினது, எழுந்து நடந்தானா, சத்தம் ஏதாவது கேட்டதா? இந்த நாலையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டாக்டரிடம் கொடுத்தால், பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

படம் எடுக்கணுமா, வேண்டாமா?

எல்லா வீக்கத்துக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. கனடா நாட்டில் ஒட்டாவா நகரத்து டாக்டர்கள் 1990-களில் வகுத்தது. உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள். அடிபட்ட முழங்காலில் கீழ்க்கண்ட ஐந்தில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்:

* வயசு 55 அல்லது அதற்கு மேல்.
* வேறெங்கும் இல்லாமல் முழங்கால் சில்லைத் தொட்டால் மட்டும் வலி.
* முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கத்தில் உருண்டையாகத் தட்டுப்படுகிற எலும்பு முனையைத் தொட்டால் வலி.
* காலை 90 டிகிரிக்கு, அதாவது நாற்காலியில் உட்கார்ந்தால் மடங்குகிற அளவுக்கு, மடக்க முடியவில்லை.
* விழுந்த உடனேயும், பிறகு டாக்டர் பார்க்கும்போதும், நாலு அடி நடக்க முடியவில்லை. நொண்டி நடந்தாலும் நடந்ததாகவே கணக்கு.

வளர்கிற பிள்ளைகள் என்றால் நான் இன்னும் கொஞ்சம் தாராளமாகவே எக்ஸ்ரே எழுதிவிடுவேன். அவர்களுடைய எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு பட்டை உண்டு. அங்கே அடிபட்டதைக் கவனிக்காமல் விட்டால், பிற்பாடு கால் கோணலாக வளரலாம், அல்லது ஒரு கால் குட்டையாகிப் போகலாம். முழங்கால் எக்ஸ்ரேயில் உடம்பில் படுகிற கதிர் மிக மிகக் குறைவு. அதற்குப் பயந்து எலும்பு முறிவைத் தவற விடுவது புத்திசாலித்தனம் இல்லை.

ஒன்றை மறக்காதீர்கள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். நாரும் மெத்தையும் தெரியாது. 'படம் நார்மல்' என்று வந்த பிறகும் முட்டு நழுவினாலோ, லாக் ஆனாலோ, இரண்டு வாரத்தில் வீக்கம் குறையாவிட்டாலோ மறுபடி காட்ட வேண்டும். ஸ்கேன் தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார்.

பாதம் சில்லிட்டு, வெளுத்து, மரத்துப் போனால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது. மூட்டுக்கு மேல் ஆழமான காயம், காய்ச்சலோடு சிவந்து கொதிக்கிற வீக்கம், இரண்டும் அப்படித்தான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், ஹீமோபிலியா உள்ள பிள்ளைகளும் சின்ன அடி என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்னொன்று. முழங்காலையே பார்த்துக்கொண்டு மற்றதைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். சைக்கிள் ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியிருந்தாலோ, தலையில் அடிபட்டு வாந்தி எடுத்தாலோ அதுதான் முதல் அவசரம்.

முதல் மூன்று நாள்

டாக்டர் பார்த்து, எலும்பு முறிவு இல்லை, சுளுக்குதான் என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் சிராய்ப்பு. சைக்கிளில் விழுந்தால் சிராய்ப்பு இல்லாமல் இருக்காது. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு, மண் போகிற வரை கழுவுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். மண் பட்ட காயமாக இருந்து, தடுப்பூசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால், டெட்டனஸ் ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்து குளிர்ச்சி. ஐஸ் கட்டியை மெல்லிய துண்டில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிஷம் வைத்து எடுங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போதும். தோலில் நேராக ஐஸ் பட்டால் புண்ணாகிவிடும். வீட்டில் பிரிட்ஜ் இல்லையா? பானைத் தண்ணீரில் நனைத்த துணி போதும். ஐஸ் விஷயத்தில் இப்போது மேல்நாட்டிலேயே இரண்டு கருத்து இருக்கிறது. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்துதல் என்கிற நாலு அம்ச வைத்தியத்தை 1978-ல் பிரபலப்படுத்தினவர் கேப் மிர்கின் என்கிற அமெரிக்க டாக்டர். பல வருஷம் கழித்து அவரே, 'ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம்' என்று எழுதினார். ஆனாலும் வலியைக் குறைக்க முதல் ஓரிரு நாள் வைப்பதில் தப்பில்லை. நாள் கணக்காக வைத்துக்கொண்டே இருக்க வேண்டாம். சொன்னதைத் தப்பு என்று தெரிந்ததும் மாற்றிச் சொன்னாரே, அந்த டாக்டரை எனக்குப் பிடிக்கும்.

மூன்றாவது கட்டு. மருந்துக் கடையில் கிரேப் பேண்டேஜ் கிடைக்கும். முழங்காலுக்குக் கீழே ஆரம்பித்து மேலே வரைக்கும் ஒரே சீராகச் சுற்றுங்கள். இறுக்கிக் கட்டினால் சீக்கிரம் வடியும் என்பது தப்பு. கட்டின பிறகு கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் உடனே சிவக்க வேண்டும். சிவக்காவிட்டாலோ, விரல் மரத்துப் போனாலோ கட்டை அவிழ்த்துவிடுங்கள். ராத்திரி தூங்கும்போது கட்டு வேண்டாம்.

நாலாவது, காலை உயர்த்தி வைப்பது. இங்கே எல்லா வீட்டிலும் ஒரு தப்பு நடக்கிறது. தலையணையை முழங்காலுக்கு அடியில் மட்டும் வைக்கிறார்கள். அப்படி மடங்கினபடியே இருந்தால் பிறகு கால் முழுசாக நீளாது. கெண்டைக்கால், குதிகால் எல்லாம் சேர்த்துத் தாங்குகிற மாதிரி இரண்டு தலையணை வையுங்கள்.

வலி தாங்காவிட்டால் பாராசிட்டமால் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு எடைக்கு ஏற்ற அளவு உண்டு. வீட்டில் தாத்தாவுக்கு வாங்கி மிச்சம் வைத்த மூட்டு வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

அப்போ சித்த வைத்தியம் எதற்கு?

கோபித்துக்கொள்ளாதீர்கள், அதற்குத்தான் வருகிறேன். எங்கள் மருந்துக்கு நேரம் இருக்கிறது. நேரம் தப்பினால் நல்ல மருந்தும் கெட்ட பேர் வாங்கும்.

எலும்பு முறிவு இல்லை என்று உறுதியான பிறகு, தோலில் காயம் இல்லாத இடத்தில் மூசாம்பரப் பற்றுப் போடலாம். கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கினதுதான் மூசாம்பரம். பற்றாகப் போட்டு, காய்ந்ததும் கழுவிவிட வேண்டும். தோல் அரித்தால் நிறுத்திவிடுங்கள். இது வெளிப்பூச்சுக்கு மட்டும். ஒரு வாரம் கழித்து வலியும் சூடும் தணிந்தபின், நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து இதமான சூட்டில் ஒற்றடம் கொடுக்கலாம். அதற்கும் பிறகுதான் தைலம். அதுவும் அழுத்தி நீவ வேண்டாம். பூப்போலத் தடவினால் போதும். மூட்டின் மேலேயே தேய்க்காமல் தொடைப் பக்கம் பார்த்துக் கையைக் கொண்டு போக வேண்டும். இதையெல்லாம் படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு மாமா சொல்லக்கூடாது!

"பிரண்டை சாப்பிட்டா எலும்பு ஒட்டிக்குமாமே?" என்று கேட்பீர்கள். அதற்கு அப்படி ஒரு பேர் உண்டு. 1960-களிலேயே விலங்குகளை வைத்து ஆய்வும் செய்திருக்கிறார்கள். துவையல் அரைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள், புளியும் உப்பும் சேர்த்து வதக்கினால்தான் நாக்கு அரிக்காது. ஆனால் பிரண்டை எலும்பு ஒட்ட உதவினாலும், இடம் விட்டு விலகின எலும்பை இடத்துக்குக் கொண்டு வராது. அது முட நீக்கியல் டாக்டரின் வேலை. அவர் வேலையை அவர் செய்யட்டும், நம் வேலையை நாம் செய்வோம்.

அவசரம் முடிந்ததும் சோம்பல்

முதல் மூன்று நாள் நம் வீடுகளில் நடக்கிற தப்பு அவசரம் என்றால், அடுத்த மூன்று வாரம் நடக்கிற தப்பு சோம்பல். 'காலை அசைக்காதே, படுத்தே இரு' என்று பிள்ளையை டி.வி. முன்னால் கிடத்திவிடுகிறார்கள். பெரியவர்கள் கடையில் ஒரு முழங்கால் உறை வாங்கி மாட்டிக்கொண்டு மாதக் கணக்கில் கழற்றுவதில்லை. முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது தொடையின் முன்பக்கச் சதை. வேலை கொடுக்காவிட்டால் அது சில வாரத்திலேயே இளைத்துவிடும். இளைத்த சதை மூட்டைத் தாங்காது. மறுபடி மடிந்து விழுவார்கள்.

கட்டு மாவுக்கட்டோ, டாக்டரின் தடையோ இல்லை என்றால், மூன்றாம் நாளிலிருந்தே இதை ஆரம்பிக்கலாம். காலை நீட்டி உட்காருங்கள். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள். அந்தத் துண்டை முழங்காலால் கீழே அழுத்தி, ஐந்து எண்ணி, விடுங்கள். பத்துத் தடவை. காலை, மதியம், சாயங்காலம். பார்த்தால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் நான் எழுதித் தருகிற எந்தத் தைலத்துக்கும் இது குறைந்ததில்லை. வலி தாங்குகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவும் வேண்டும்.

மறுபடி சைக்கிள் எப்போது? கால் முழுசாக நீள வேண்டும், முழுசாக மடங்க வேண்டும், வீக்கம் இல்லாமல் மாடிப்படி ஏறி இறங்க வேண்டும். இந்த மூன்றும் வந்தால் ஏறலாம். ஏறும்போது சீட் உயரத்தைப் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீண்டு, லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். அண்ணன் சைக்கிளை தம்பியும், அப்பா சைக்கிளை மகளும் ஓட்டுகிற வீடுகளில் இதை யாரும் சரி செய்து கொடுப்பதில்லை. நாங்கள் வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுப் பழகின காலத்தில் விழுந்து எழுந்ததெல்லாம் பெருமையாகப் பேசுகிறோம். அன்றைக்கு விழுந்து, இன்றைக்கும் கால் நீளாமல் விந்தி நடக்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இன்னொரு கோரிக்கை, முக்கியமாகப் பெண் பிள்ளை உள்ள வீடுகளுக்கு. விழுந்துவிட்டாள் என்பதற்காக 'இனி சைக்கிளைத் தொடாதே' என்று சொல்லாதீர்கள். பையன் விழுந்தால் 'பழகிக்கிறான்' என்கிறீர்கள், பெண் விழுந்தால் 'உனக்கெதுக்கு' என்கிறீர்கள். நம் அரசு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுப்பது சும்மா நிறுத்தி வைக்க அல்ல. துப்பட்டாவைச் சக்கரத்தில் மாட்டாமல் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், பிரேக்கைச் சரி பாருங்கள், ஓட்ட விடுங்கள்.

ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறீர்களா? முட நீக்கியல் டாக்டர் மூட்டில் சேர்ந்திருந்த ரத்தத்தை ஊசி வழியாக எடுத்துவிட்டு, காலை நீட்டி மாவுக்கட்டுப் போட்டார். நல்லவேளை, எலும்புத் துண்டு இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. ஆபரேஷன் தேவைப்படவில்லை. கட்டுப் பிரித்த பிறகு என்னிடம் வந்தாள். துண்டை அழுத்துகிற பயிற்சியும், கொஞ்ச நாள் தைலமும் கொடுத்தேன். பயிற்சியை எண்ணிச் செய்ய வைத்தது ஆச்சிதான். "ஒண்ணு, ரெண்டு" என்று அவர் எண்ணுவார், பிள்ளை நடுவில் ஏமாற்றினால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்!

பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் கழித்து, அடுத்த தெருப் பையனை ஆச்சி என்னிடம் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். பந்து விளையாடி விழுந்து முழங்கால் வீங்கியிருந்தது. எண்ணெய் வாசம் இல்லை.

"நான் தொடவே இல்லய்யா. விழுந்தது நாலரை மணி, வீங்குனது ஆறு மணி. நீங்க படத்துக்கு எழுதிக் கொடுங்க" என்றார்.